உப்புத் தண்ணீரைத் திறந்தவள்

சுரங்கத்தில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். உட்காரச் சொன்னால் கோபம் வரும். தாது எடுத்தபின் மிஞ்சும் களிமண் சேறு அவள் பார்த்துக்கொள்ளும் வட்டத் தொட்டிக்கு வரும். மண் அடியில் படியவேண்டும், தெளிந்த நீர் ஆலைக்குத் திரும்பவேண்டும். படியாவிட்டால் அத்தனை தண்ணீரும் சேற்றுக் குளத்துக்குத்தான் போகும். குளம் நிரம்பிக் கரை உடைந்தால் கீழே குடியிருப்பு.

கிணற்று உப்புநீர் குழாய்களை அரித்துத் தள்ளியதால் நிர்வாகம் ஆற்றுநீருக்கு மாற முடிவு செய்தது. ஆற்றுப் பம்புக்கு ஆள் தேவைப்பட்டது. வேலைக்காக ஊர் ஊராகத் திரிந்த அவள் கணவனுக்கு அந்த வேலை கிடைத்தது, அவனும் வீட்டோடு வந்து சேர்ந்தான். அப்பாடா! அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் கோட்டை விட்டாள். ஆற்றுநீரில் மண் படிகிறதா என்று சோதிக்கத் தொட்டிச் சேற்றையே எடுத்தாள். அந்தச் சேற்றில் கிணற்றுநீரின் உப்பு இருந்தது நினைவில்லை. அழகாகத் தெளிந்தது. சரியென்று சொல்லிவிட்டாள்.

இப்போது ஆற்றுநீர் வந்தபின் தொட்டி தெளியவே இல்லை. படியவைக்கும் மருந்தைக் கூட்டிப் பார்த்தாள், ம்ஹூம். குளம் ஏறிக்கொண்டே போனது. குளக்கரைக்கும் தொட்டிக்கும் நடந்து நடந்து கால் கடுத்தது. கடைசியில் உப்புப் படாத காய்ந்த களிமண்ணை இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் கரைத்தாள். உப்புநீரில் மண் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து, டீ ஆறுவதற்குள் இறங்கியது. ஆற்றுநீரிலோ ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தது. குடுவையைக் குலுக்கி மறுபடி வைத்தாள், மறுபடியும் அதேதான். பாழாய்ப்போன மண்! யாருக்கும் தெரியாமல் குடுவைகளைக் கீழே ஊற்றிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஊற்றவில்லை. குடுவைகளைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் ஓடினாள்.

"சார், தப்பு என்னோடது. கிணத்துத் தண்ணியத் திறக்கச் சொல்லுங்க, இப்பவே."

"ஆத்துப் பம்பு நின்னா உன் வீட்டுக்காரரு..."

"தெரியும் சார். திறக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, நான்தான் சொன்னேன்."

"கேள்விப்பட்டேன். கரை தாங்குமா?"

"தாங்கும். தொட்டி தெளிய ஆரம்பிச்சிடுச்சு."

"அப்ப நல்லதுதான்." அவன் கட்டிலுக்கடியில் குனிந்து துழாவினான். "என் பெட்டி எங்கம்மா?"

அவனுக்கு இங்கேயே வேலை கிடைத்ததும், இனி எதற்கு என்று அவள் அதைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தாள்.

"நீங்க மடிச்சு வைங்க. போய் வாங்கிட்டு வந்துடறேன்."