மூன்று ஸ்பூன் சர்க்கரை

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஆலைக்கு மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரத் துரை வீட்டில் நான் சமையல் செய்தேன். மதுவிலக்குக் காலம். குடிக்க அவருக்குப் பர்மிட் உண்டு, வீட்டில் காய்ச்ச யாருக்கும் கிடையாது. ஆனாலும் அவருக்கு அவர் ஊர்க் கோதுமை பீர்தான் வேண்டும். கோதுமையை முளைகட்டி, காயவைத்து, இடித்துக் கொடுத்தவள் நான். கசப்புக்குப் போடும் அவர் ஊர்க் காய்ந்த பூவும் ஈஸ்ட்டும் சேர்ந்து பொங்கினால் வீடெல்லாம் வாழைப்பழ வாசனை அடிக்கும். மற்ற துரைமார் வந்தால் என்னைக் காட்டி, இவள் கை இல்லாமல் பீர் இல்லை என்பார். அது எனக்குப் பெரிய பேர்.

ஒரு சித்திரையில் அவர் அவசரமாக மெட்ராஸ் போக, பாட்டிலில் நிரப்பும் வேலை எனக்கு வந்தது. உள்ளே கேஸ் ஏறி நுரை வர, பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு மூடியை அழுத்த வேண்டும். விரலை நீட்டி, "ஒன்னு. ஒன்னு மட்டும்" என்றார். அவர் போனதும் பீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசந்தது. ஒரு டம்ளர் காப்பிக்கே ஒரு ஸ்பூன் காணாதே? மூன்று போட்டேன். இருபத்துநான்கு பாட்டிலையும் ஸ்டோர் ரூமில் அடுக்கிக் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் உள்ளே படீரென்றது. கேட்டிலிருந்த வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"இன்னாம்மா சத்தம்?"

"பல்லி வுழுந்து ஜாடி ஒடஞ்சிடுச்சி நைனா."

"பல்லியா? யான சைஸுல வளத்துனு கீறியா?"

அவர் போனபின் கதவைத் திறந்தேன். ஒரு கண்ணாடிச் சில்லு எதிர்ச் சுவரில், என் முகத்து உயரத்தில், குத்தி நின்றது. மற்ற பாட்டில்கள் அசையாமல் நின்றன. சர்க்கரைதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மறுபடி சாத்தினேன். பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு வெடித்தன.

அடுத்த நாள் காலை துரை வந்தார். பெட்டியை வைத்ததும் நேராக ஸ்டோர் ரூமுக்கு நடந்தார். மூன்று ஸ்பூன் போட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் என் பேர் என்ன ஆகும்?

"உள்ள சூடா கீது தொர. அப்பால போலாம், மொதல்ல நாஷ்டா துன்னு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளை நீக்கினார். ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

இடது கண் போயிற்று. மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்தவர், அழுதுகொண்டு நின்ற என்னிடம், "வெயில். என் தப்பு" என்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஊருக்குத் திரும்பும்போது என்னைப் பற்றி நல்லபடியாக ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரியாது, யாரையும் படித்துக் காட்டச் சொன்னதும் இல்லை. அந்தத் தாளை நீட்டித்தான் அடுத்த இரண்டு வீட்டிலும் வேலை வாங்கினேன்.