கனவு யானைக்குப் பூட்டுப் போட்ட கதை

கனவில் யானை வந்தால் நல்லது என்பார்கள். என் கனவில் வருகிற யானை அந்த வகையல்ல. தர்மபுரத்தில் எங்கள் வளவில் நட்ட தென்னம்பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். நான் கத்திக்கொண்டு எழும்புவேன், வீடே எழும்பும்.

என் வீட்டில் கத்தினால் பழகிவிட்டது என்று விடுவார்கள். ஆனால் நெளுக்குளத்தில் இருக்கும் என் தங்கைக்கு முதல் பிள்ளை பிறக்க இருந்தது. எங்களுக்குத் தாய் இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு நான்தான் போய் நிற்க வேண்டும். பச்சைப்பிள்ளை கிடக்கிற அறையில் கத்திவிட்டால்? அந்த யோசனையில் இருந்த நித்திரையும் போனது.

தங்கையிடம் போனில் சொன்னேன்.

"கனவுக்குள்ளயே இது கனவெண்டு பிடிக்கலாமாம் அக்கா. பிடிச்சால் பயம் விட்டிடுமாம். வீடியோ அனுப்பிறன், பாருங்கோ."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். பல வழிகள் சொன்னார்கள். எதை எடுப்பது என்பதே பெரிய கவலையாகிவிட்டது.

விடியப்புறம் அலாரம் வைத்து எழும்பி, கனவை நினைத்தபடி மறுபடி படுப்பது ஒரு வழி. அலாரம் அடித்ததும் என் கணவர் யானைதான் வந்துவிட்டதென்று பாய்ந்து போய், காட்டு யானை ஊருக்குள் வந்தால் கலைத்துத் துரத்த வைத்திருந்த வெடியைக் கொளுத்தி எறிந்துவிட்டார். அயலவர்கள் டோர்ச்சோடு ஓடி வந்தார்கள்.

"இனி உந்த அலாரம் அடிச்சால், உம்மைத்தான் காட்டுக்குள்ள கலைப்பன்" என்றார்.

பகலில் அடிக்கடி மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுத்துப் பார்ப்பது அடுத்த வழி. மூச்சு வந்தால் கனவு. பகலில் பழகியது கனவிலும் வருமாம். நான் பழகிய நேரம் பார்த்து மீன்காரர் வாசல் படலையடியில் நின்றார்.

"என்னக்கா, விடியப் பிடிச்ச மீன்! நீங்கள் மூக்கைப் பொத்தினால், பாக்கிற சனம் வாங்குமே?"

வெட்கத்தில் தேவைக்கு மேல் வாங்கினேன்.

'கனவைப் பிடிப்பேன்' என்று சொல்லிக்கொண்டே படுப்பது இன்னொரு வழி. இரண்டு தரம் சொல்வதற்குள் படலையைப் பூட்டினேனா என்று சந்தேகம்; பகலிலும் என்னை விடாத சந்தேகம் அது. எழும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். வந்து படுத்தால் மறுபடியும் அதே சந்தேகம். பூட்டைக் கையில் பிடித்தபடி நின்றபோதுதான் மூளையில் தட்டியது. மூக்கு எதற்கு? பகல் முழுக்க நான் இழுத்துப் பார்க்கிற பூட்டு இருக்கிறதே!

அன்றிலிருந்து ஒவ்வொரு தரம் இழுக்கும்போதும், "இது கனவோ?" என்று கேட்டேன்.

"பூட்டோடையும் கதைக்கத் தொடங்கிட்டீரோ?" என்றார் கணவர்.

ஒரு மத்தியானம் கண்ணயர்ந்தபோது யானை வந்தது. நான் படலைக்கு ஓடினேன். கை தன்பாட்டில் பூட்டை இழுத்தது. பூட்டு இடியப்ப மா போல நீண்டது. அட, கனவு! யானை ஒரு தென்னம்பிள்ளையைத் தும்பிக்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. "தின், தின்" என்றேன். கனவுத் தென்னைதானே.

கண் விழித்தபோது கணவர் கதிரையில் இருந்தார். "இண்டைக்கு யானை வரேல்லையோ?"

"வந்தது. நான்தான் கத்தேல்லை."

பிறகும் வந்தது. பிறகும் நான் கத்தவில்லை. பயமில்லாமல் நெளுக்குளத்துக்குப் போய் நின்றேன். பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் தங்கை, "எங்கட அக்கா கனவுக்குள்ளயே யானையைக் கலைச்சவா" என்று சொன்னாள். கலைக்கவில்லை, தின்னவிட்டேன் என்று நான் திருத்தப் போகவில்லை. அந்த வீட்டில் இரவெல்லாம் கத்தியது பிள்ளை மட்டும்தான்.