மூன்றாவது நிமிடத்து பீக்

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு 'இன்னொருவாட்டி' என்று பட்டப்பெயர். வைத்தவன் நான்தான். சேறு, சிப்பி என்று வருவதையெல்லாம் உலர்த்தி அரைத்துக் கொடுப்பது என் வேலை, அதை மெஷினில் ஏற்றிப் பார்ப்பது அவள் வேலை. என்ன முடிவு வந்தாலும், "எதுக்கும் இன்னொருவாட்டி ஓட்டிடலாம்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பேர்ப்பட்டவள் போன வெள்ளிக்கிழமை ஒரே தடவை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மேலதிகாரி அன்று முழுக்கக் கழுத்தைப் பிடிக்காத குறையாக அவசரப்படுத்தினார்.

ஆர்சனிக் என்றாலே விஷம் என்று ஊர் நினைக்கிறது. எல்லாம் அப்படியில்லை. அதற்குப் பல வடிவம் உண்டு. எங்கள் கடல் சேற்றில் கிடப்பது ஆளைக் கொல்லும். கடல் உயிர்களின் உடம்பில் இருக்கும் இன்னொன்று, தின்றாலும் ஒன்றும் செய்யாமல் சிறுநீரில் போய்விடும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. ஒவ்வொரு வடிவமும் ஒவ்வொரு நிமிடத்தில் மெஷினைத் தாண்டும், திரையில் ஒரு கூம்பு எழும்பும். அதை பீக் என்போம். வெள்ளிக்கிழமை சிப்பியில் மூன்றாவது நிமிடத்தில் பெரிய பீக். விஷம் வருகிற நிமிடம் அது. விஷம் என்றே எழுதிவிட்டாள்.

கடலில் கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கும் நாற்பது குடும்பங்களும் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கயிற்றை அறுத்துச் சிப்பியைக் கடலோடு விட்டுவிட வேண்டும் என்று துறைமுக அலுவலகத்திலிருந்து உத்தரவு போனது. நாற்பதில் ஒன்று அவளுடைய தம்பி குடும்பம்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைக்கூட மூடாமல் என் அறைக்கு ஓடி வந்தாள்.

"அந்த நல்ல ஆர்சனிக்கும் மூணாவது நிமிஷத்துலதானே வரும்! ரெண்டும் ஒட்டிக்கிட்டு வரும். எப்படி மறந்தேன்?"

"இப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"புண்ணு கழுவுற ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்குல்ல, அதுல ஒரு சொட்டு விட்டுப் பாக்கலாம்! விஷமா இருந்தா வடிவம் மாறி பத்தாவது நிமிஷத்துக்கு ஓடிடும். நல்லது அசையாது. வெள்ளிக்கிழமை எடுத்த சிப்பிச் சாறு ஃபிரிட்ஜ்ல இருக்கா?"

இருந்தது. சேற்றுச் சாறும் இருந்தது. முதலில், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சுத்தமான விஷத்தில் ஒரு சொட்டு. மூன்றாவது நிமிடம் காலி, பத்தாவதில் பீக். அடுத்து சேறு. அதுவும் ஓடிவிட்டது. கடைசியில் சிப்பி. பதினைந்து வருஷமாக மண் அரைக்கிறேன், அன்றைக்கு மாதிரி திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றதில்லை. மூன்றாவது நிமிடத்தில் அதே இடத்தில் அதே உயரத்தில் எழுந்தது. பத்தாவது நிமிடம் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அவள் என் முதுகில் வைத்த அறை இன்னும் வலிக்கிறது.

"இன்னொருவாட்டி ஓட்டிடலாம்" என்றேன். சொன்னது நான்தான். மறுபடியும் ஓட்டினோம். அசையவே இல்லை.

மணி நாலைத் தாண்டிவிட்டது. மேலதிகாரி தாளைப் பார்த்தார். "மறு ஆய்வுல திருத்தம்னு போடுங்கம்மா. தப்புன்னு எதுக்குப் போடணும்? மானம் போயிடும்."

"போகட்டும் சார்." 'முதல் அறிக்கை என் தவறு' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் துறைமுக அலுவலகத்துக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. இவள் தம்பிக்குப் போட்டாள். அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டாள்.

"தம்பி, சிப்பியில விஷம் இல்லடா! தப்பு என்னோடது. கயித்தை அறுத்துடாத!"

கடற்காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"காலையிலயே அறுத்துட்டேன்க்கா. நீ கையெழுத்துப் போட்டதை நானே நம்பலைன்னா வேற யாரு நம்புவா?"

அவள் விசும்பியது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அழாதக்கா, போனை வை. மத்தவங்க இப்பத்தான் படகுல ஏறுறாங்க. நான் ஓடிப்போய்த் தடுக்கணும்."