சேணம் ஏறாத மூன்று மாதங்கள்

குதிரையின் முதுகை டாக்டர் கீறியபோது அதன் கழுத்தின் மேல் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தவன் நான். வில்லியனூரில் அக்கா வீட்டுக் கொல்லையில் வைக்கோலைப் பரப்பி, ஊசி போட்டு, நாலு காலையும் கட்டிச் சாய்த்திருந்தோம். பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்குகிற மேடு. ஜட்காவின் சேணம் வருஷக்கணக்காக உட்கார்ந்து அழுத்திய இடம். முதலில் எலுமிச்சை அளவு வீக்கம்தான் இருந்தது. பிறகு உடைந்தது, ஆறவில்லை, உள்ளுக்குள்ளேயே சுரங்கம் தோண்டிக்கொண்டு போனது. டாக்டர் உள்ளேயிருந்து செத்துப்போன எலும்புச் சில்லு ஒன்றை நெம்பி எடுத்து வைக்கோலில் போட்டார். புளியங்கொட்டை அளவு. கறுப்பு. இதை வைத்துக்கொண்டா ரயிலடிக்கும் கோயிலுக்குமாக ஓடினாய்? என் தொடைக்கடியில் அதன் கழுத்து துடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் புதுச்சேரி டவுன்காரர். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே உத்தியோகத்துக்கு வந்தவர். பேச்சில் தமிழும் பிரெஞ்சும் ஒரே தட்டில் கிடக்கும். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “மருந்து அப்பறம். மொதல்ல ரெப்போ. நல்லா ரெப்போ குடுங்க. மூணு மாசம் ரெப்போ.”

ரெப்போ என்றால் ஓய்வு. நாலு வருஷம் பள்ளியில் பிரெஞ்சு படித்த எனக்குப் புரிந்தது. “உய், முசியே” என்று பிரெஞ்சிலேயே ஆமோதித்தேன், கொஞ்சம் சத்தமாகவே. அடுப்படி வாசலில் வெந்நீரோடு நின்றிருந்த அக்காவும் தலையாட்டினாள். மாமா, அதாவது அக்காவின் புருஷன், எங்களைப் பார்க்கவில்லை. வைக்கோலில் கிடந்த எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி அவருடையது, குதிரை அவருடையது, சேணத்தைத் தினமும் இறுக்கியதும் அவர் கைதான்.

அந்தச் செவலைக் குதிரை தேறினால் மாமாவுக்குப் பழையபடி ரயிலடித் தொழில் உண்டு. தேறாவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் கரும்புக் கொல்லைதான். மறுநாளே அவர் கொடுவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, விடிவதற்குள் சைக்கிளில் கரியமாணிக்கம் பக்கம் கரும்பு வெட்டப் போகத் தொடங்கினார். நானோ புதுச்சேரியில் அச்சகத்து வேலையை விட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். குதிரையை நடத்திப் பழக்குகிற பொறுப்பு தானாகவே என்மேல் விழுந்தது.

புண்ணைத் தைத்து மூடாமல் அடியில் ஒரு வாய் விட்டிருந்தார் டாக்டர், சீழ் வடிவதற்கு. காலையும் மாலையும் ஊதா மருந்துத் தண்ணீரால் கழுவுவேன். ஈ மொய்க்காமல் சுற்றிலும் வேப்பெண்ணெய். புண் உள்ளேயிருந்து நிரம்பி வரவேண்டும், மேலே மூடிக்கொண்டால் மோசம் என்று சொல்லியிருந்தார். விரலை விட்டுப் பார்ப்பேன். முதலில் ஒரு விரல் போனது, பிறகு அரை விரல், பிறகு நகம் மட்டும். ரத்தச் சிவப்பில் புதுச் சதை, மாதுளை முத்து போல. குதிரை திரும்பி என் கையையே பார்க்கும், முகத்தைப் பார்க்காது. தன்னைத் தொடுகிற கையின் மேல் அதற்கு நம்பிக்கை போய்விட்டது. எந்தக் கை சேணம் கொண்டுவரும், எந்தக் கை ஊசி கொண்டுவரும் என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை எனக்கும் தொற்றிக்கொண்டது.

டாக்டர் சொன்னபடி நாலாம் வாரத்திலிருந்து மெல்ல நடை. முதலில் தெருக்கோடி வரை, பிறகு ஆற்றுப்பாலம் வரை, சில நாள் அதன் கீழே ஆற்று மணல் வரை, முதுகில் துணிகூட இல்லாமல். புல்லைத் தரையில் போட வேண்டும், தலையைத் தாழ்த்தித் தின்னும்போது முதுகு தானாக நீளும். நடை நேராகிக்கொண்டு வந்தது. பின்கால் முன்கால் தடத்திலேயே விழுந்தது. மாமா சாயங்காலம் வந்து கரும்புச் சோகை கீறிய கையோடு குதிரைக் கொட்டாய் வாசலில் நின்று கேட்பார்.

“இன்னாடா சொல்லுது?”

“நல்லா நடக்குது மாமா.”

“அது நடக்கும். நம்ம பொழப்பு எப்ப நடக்கறது?”

சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அவசரம் இருக்கிற மனுஷன்.

ஆறாம் வாரத்தில் ஒரு காலை, பாலத்துக்குப் பாதி வழியில், செவலை நின்றுவிட்டது. விலாவில் வியர்வை. வெயில் இன்னும் ஏறவில்லை. பின்தொடையில் கை வைத்தேன், அம்மிக்கல். அடியெடுத்து வைக்கச் சொன்னால் நடுங்கியது. சாலையோரத்திலேயே சிறுநீர் விட்டது, கடுங்காப்பி நிறத்தில்.

நிற்கவிட்டு, தேய்த்துவிட்டு, மெல்ல மெல்லக் கொட்டாய்க்குக் கொண்டுவந்தேன். கொண்டுவருவதற்குள் முடிவுக்கு வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த குதிரை அரை மைலில் இப்படி வியர்க்காது. நான் எழுவதற்கு முன்பே இதை யாரோ ஓட்டியிருக்கிறார்கள். முதல் ரயிலுக்குச் சவாரி இருக்கும். விடிவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்புகிற ஆள் ஒருவர்தான்.

கேட்கவில்லை. வேவு பார்த்தேன். வண்டிச் சக்கரத்துக்கும் தரைக்கும் சேர்த்துச் சுண்ணாம்பால் கோடு இழுத்தேன். காலையில் கோடு அப்படியே இருந்தது. அப்படியானால் வேறு யாருடைய வண்டியிலாவது பூட்டுகிறார். சேணத்தை முகர்ந்து பார்த்தேன், பழைய வியர்வை நெடிதான். அப்படியானால் வேறு சேணம். கொட்டாய் வாசலில் சாம்பல் தூவினேன். அக்காவின் காலடியைத் தவிர ஒன்றும் பதியவில்லை. பெருக்க வருவாள் என்று விட்டுவிட்டேன். சாட்சி கிடைக்கக் கிடைக்கச் சந்தேகம் வளரும் என்பார்கள். எனக்கோ சாட்சி கிடைக்காமல் கிடைக்காமல் வளர்ந்தது. மாமாவின் சட்டையில் குதிரைமயிர் தேடினேன். கரும்புச் சுணைதான் இருந்தது. அதைக்கூட நம்பவில்லை.

பிறகு குதிரையின் லத்தியில் பார்த்தேன். செரிக்காத கொள்ளு. முழுசு முழுசாக.

நான் வைத்தது புல்லும் கொஞ்சம் தவிடும்தான். ஜட்காக்காரர்கள் மத்தியில் ஒரு வழக்கம் உண்டு: ஓடுகிற குதிரைக்குத்தான் கொள்ளு. வேலை வாங்காதவன் எவன் கொள்ளு போடுவான்? எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அது ஞாயிற்றுக்கிழமை. மாமா கிணற்றடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கொள்ளுமணியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

“இன்னா இது?”

“குதிரைய எங்க பூட்டுறீங்க மாமா? யாரு வண்டியில?”

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கந்தலைத் தண்ணீரில் போட்டார்.

“நானா? ஏய், நானாடா? ஆறு வாரமா கரும்புல கையக் கிழிச்சிகினு வரேன், அந்த முதுகு ஆறணும்னு. அதுல நான் சேணம் போடுவனா?”

“வேர்க்குது. தொடை கல்லா இருக்குது. கொள்ளு வேற போட்டிருக்குது.”

“அப்ப ஒண்ணு கேக்கறேன். ஆத்து மணலுக்கு இட்டுகினு போறியே, அங்க நீ ஏறி சவாரி போறியோன்னு எனக்கும்தான் தோணிச்சி. கேட்டனா? வாயத் தொறந்து கேட்டனா?”

அக்கா அரிசி களைந்த பாத்திரத்தோடு வெளியே வந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கொள்ளு நான்தான் போடறேன். இதுக்கு இன்னாத்துக்கு சண்ட?”

“நீயா?”

“பின்ன? டாக்டரு மூணு வாட்டி சொன்னாரே, ரொப்பு, நல்லா ரொப்பு, மூணு மாசம் ரொப்புன்னு. நீயும் சரி சரின்னு தலைய ஆட்டின. அப்பறம் பாத்தா தெனம் புல்லக் காட்டி ஏமாத்தற. சோம்பேறி, அவிக்கறதுக்கு ஒடம்பு வணங்கலன்னு நெனச்சேன். நீ எழுந்திரிக்கறதுக்கு முன்ன நானே அவிச்சி, வயிறு ரொம்பற வரைக்கும் வெச்சேன். ரெண்டு வாரமா.”

எங்கள் பக்கத்தில் குடத்தை நிரப்பு என்று யாரும் சொல்வதில்லை. குடத்தை ரொப்பு. அவள் காதில் விழுந்தது தமிழ், சுத்தமான தமிழ். டாக்டர் தலை மறைந்ததும் அவளிடம் ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ஓய்வு. மூன்று எழுத்து. எனக்குப் புரிந்துவிட்ட பெருமையில் அது எல்லோருக்கும் புரிந்ததாக இருந்துவிட்டேன்.

மாமாதான் முதலில் சிரித்தார். “ரொப்பிட்டா, ரொப்பிட்டா. டேய், ஒங்க அக்கா குதிரைய கொடம்னு நெனச்சிட்டா.” அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவின் சிரிப்பும் என் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

அன்றைக்கே டாக்டரைப் பார்க்கப் போனேன். சும்மா நிற்கிற குதிரைக்குக் கொள்ளைக் கொட்டினால் அது சதையில் போய்த் தங்கும், பிறகு நடக்கவிட்டால் சதை இறுகிச் சிதைந்து, அந்தச் சதையின் சாயம்தான் சிறுநீரில் இறங்கும் என்றார். கொள்ளை நிறுத்து, பத்து நாள் அசைக்காதே, அப்புறம் முதலிலிருந்து. “ரெப்போ” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, “ஓய்வு” என்றார்.

முதலிலிருந்து தொடங்கினோம். தெருக்கோடி, பாலம், ஆற்று மணல். மூன்று மாதம் நாலரை மாதம் ஆனது. புண் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மயிர் முளைத்தது. முதலில் மடித்த வேட்டியை வைத்தோம், பிறகு ஈரச்சாக்கு, பிறகு மேட்டில் படாதபடி நடுவில் பள்ளம் விட்டுத் தைத்த புதுச் சேணம். அதை முதுகில் ஏற்றுகிற அன்று மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“நீ போடு. நான் போட்டா அப்பறம் நீ எதுனா சொல்லுவ.”

“மாமா, வுடுங்க அத.”

“வுட்டுட்டேன். நீதான் போடணும்.”

போட்டேன். தோல் ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. வெற்று வண்டியில் பூட்டி ரயிலடி வரை அவர் ஓட்டினார். நான் பின்னாலேயே நடந்தேன்.

திரும்பி வந்ததும் அவரே சேணத்தைக் கழற்றினார். குதிரையைத் திருப்பி, அதன் முதுகை என் பக்கம் காட்டி நிறுத்தினார்.

“பாரு. நல்லா பாத்துக்க.”

அன்றைக்கு மட்டுமல்ல. நான் அந்த வீட்டில் இருந்தவரை, ஒவ்வொரு சாயங்காலமும், சவாரி முடிந்து வண்டியை அவிழ்த்ததும், கை கால் கழுவுவதற்கு முன்னால் குதிரையைக் கொண்டுவந்து முதுகைக் காட்டுவார். கோபமாக இல்லை. கடமை போல. இனிமேல் வேண்டாம் மாமா என்று நான் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். நான் சொல்லவில்லை. எழுந்து போய், வெள்ளை மயிரை ஒதுக்கி, விரலால் அழுத்தி, வலிக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்தேன்.