இருபது விநாடியும் அறுபத்திரண்டு ஒலிப்பதிவும்

சாக்பீஸ் தூசியில் இருமிக்கொண்டிருந்த ஆசிரியர் இனம் இப்போது லிங்க் அனுப்பியே இளைத்துக்கொண்டிருக்கிறது. நீங்களும் வகுப்பெடுப்பவராக இருந்தால் உங்கள் போனிலும் திறந்தே பார்க்காத லிங்க் ஒரு நூறாவது கிடக்கும். வெட்கப்படாதீர்கள். அவற்றில் பாதியை என்னைப் போன்ற ஒருத்திதான் அனுப்பியிருப்பாள்.

தெற்கு டெல்லியில் ஒரு பள்ளியில் நான் தமிழ் டீச்சர். இந்த ஊரில் தமிழ் டீச்சருக்கென்று தனியாக ஒரு கவலை உண்டு. எட்டாம் வகுப்பு முடிகிற மார்ச் மாதத்தில் பிள்ளைகளிடம் ஒரு படிவம் கொடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் தமிழா, ஹிந்தியா என்று அதில் டிக் போட வேண்டும். தெருவில் ஹிந்தி, வகுப்பில் இங்கிலீஷ், சாப்பாட்டு மேசையில் மட்டும் தமிழ் என்று வளர்கிற பிள்ளைகள். மார்ச்சில் எத்தனை டிக் ஹிந்திக்குப் போகும் என்று ஜூலையிலேயே விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடுவேன். அந்த ஒரு டிக்குக்காக நான் ஆடிய ஆட்டங்களைத்தான் சொல்லப்போகிறேன்.

நாற்பத்தொரு லிங்க்

கோடை விடுமுறை முடிந்ததும் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். வகுப்பறைக்கு உதவும் இணையதளங்கள் பற்றியது. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கும் தளம், நொடியில் வினாடி வினா தயாரிக்கும் தளம், பிள்ளைகள் தங்கள் குரலைப் பதிவு செய்து ஒட்டிவைக்கிற ஆன்லைன் பலகை என்று வரிசையாகக் காட்டினாள். "வகுப்பில் வாய் திறக்காத குழந்தை ஒலிப்பதிவில் பேசும்" என்று அவள் சொன்னதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். ஒரே வாரத்தில் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு லிங்க் போட்டேன். கூடவே அந்த இரட்டைக் கோட்டு வாக்கியத்தையும் மூன்று முறை போட்டேன். யாரும் ஒரு கட்டைவிரல்கூடக் காட்டவில்லை. எட்டாவது நாள் ஸ்டாஃப் ரூமில் சயின்ஸ் சுந்தரம் சார் டிபன் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க அனுப்பினதையெல்லாம் தெறந்து பாக்கணும்னா நான் பாடம் எடுக்கறத நிறுத்தணும். ரெண்டுல எது வேணும், சொல்லுங்க."

வெள்ளிக்கிழமைப் பந்தயம்

யார் கேட்காவிட்டால் என்ன, நானே தொடங்கினேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், கம்ப்யூட்டர் லேபில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் வினாடி வினா. கேள்வி திரையில் வரும், நாலு விடை வரும், இருபது விநாடி ஓடும். சரியாக அழுத்தினால் டங்கென்று மணி அடிக்கும். கடைசியில் முன்சுவரில் இருக்கிற பெரிய திரையில் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை பட்டியல் ஏறும். தமிழ் பீரியட் என்றாலே தலைவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைகள் ஜல்தி ஜல்தி என்று மாடிப்படியில் ஓடி வந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பட்டியலின் கடைசியில் ஒரு பெயர் வாரம் தவறாமல் இருந்தது. நிவேதா. அப்பா மத்திய அரசில் குமாஸ்தா, வீடு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ், பூர்வீகம் திருநெல்வேலி. பேச விட்டால் நெல்லைத் தமிழ் அருவியாகக் கொட்டும். படிக்கும்போது மட்டும் திரையில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டுவாள். விரல் இரண்டாவது விடைக்குப் போவதற்குள் இருபது விநாடி முடிந்துவிடும். அதை என் கண்ணால் பார்த்தேன். பழகப் பழக வேகம் வந்துவிடும் என்று நினைத்தேன். ஐந்தாவது வாரம் குழு பிரிக்கும்போது முதல் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, அவள் காதில் விழும்படியே சொன்னான்.

"மேம், ப்ளீஸ், நிவேதாவ மட்டும் எங்க டீம்ல போடாதீங்க."

பேசாத குழந்தை பேசும்

நவம்பரில் புகைமூட்டம் வந்தால் டெல்லியில் பள்ளிகளை மூடிவிட்டு வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றுவார்கள். அந்த வருடமும் மூடினார்கள். வீட்டில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவுப் பலகையை எடுத்தேன். தலைப்பு, "எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை". இரண்டு நிமிடம் தமிழில் பேசி அனுப்ப வேண்டும். இரண்டு பிரிவிலும் சேர்த்து அறுபத்திரண்டு ஒலிப்பதிவு வந்து குவிந்தது. இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஏழு கேட்டேன். எட்டாவது பதிவில் ஒரு பையன், ஐந்தாவது பதிவில் இன்னொருவன் பேசியதையே பேசினான். அன்று மாலைக்குள் மதிப்பெண் ஏற்ற வேண்டும், கேஸ் சிலிண்டர்காரர் வேறு வாசலில் நிற்கிறார். அந்தப் பலகையில் ஒரு வசதி உண்டு. எல்லாப் பெயரையும் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுத்து, முன்பே எழுதிவைத்த பதில்களில் ஒன்றை எல்லோருக்கும் அனுப்பலாம். வினாடி வினாவுக்காக எழுதிவைத்த ஒன்று மேலே கிடந்தது. "நல்ல முயற்சி. இன்னும் வேகம் தேவை." அதை அறுபத்திரண்டு பேருக்கும் தட்டிவிட்டேன். உங்களில் யார் இதைச் செய்ததில்லையோ அவர் என் மீது முதல் டஸ்டரை எறியலாம்.

மறுநாள் பிரின்சிபால் போன் செய்தார். தமிழ்க்காரர்தான், பாராட்டும்போது மட்டும் அவருக்கு ஹிந்தி வந்துவிடும்.

"க்யா பாத் ஹை மேடம்ஜி! ஒரே நாள்ல அறுபத்திரண்டு பேருக்கும் பதில்! மத்தவங்க எல்லாம் உங்களப் பாத்துக் கத்துக்கணும்."

படிவம்

மார்ச்சில் பெற்றோர் சந்திப்பு. நிவேதாவின் அம்மா ஐந்து நிமிடம் தயங்கி நின்றுவிட்டுப் படிவத்தை மேசையில் வைத்தார். டிக் ஹிந்திக்கு எதிரே இருந்தது. நிவேதா ஜன்னல் பக்கம் நின்று மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அவர்கள் மேல். திருநெல்வேலிக்காரர்களே தமிழை விட்டால் எப்படி என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். அந்த அம்மா கையெழுத்துப் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் வாய் திறந்தார்.

"நாங்க ஒண்ணுஞ் சொல்லல மேம். வீட்டுல நல்லாத்தான் பேசுதா. ஆனா எனக்குத் தமிழ் வராதும்மான்னு அவளே சொல்லுதா, நான் என்ன செய்ய?"

இடம் போதவில்லை

அடுத்த ஜூலையில் அந்தப் பலகை எனக்கொரு எச்சரிக்கை அனுப்பியது. இடம் நிரம்பிவிட்டது, பழையவற்றை நீக்கினால்தான் புதியவை ஏறும். நீக்க உட்கார்ந்தேன். ஃப்ரீ பீரியட், வெளியே மழை, கையில் டீ. அழிப்பதற்கு முன் ஒன்றிரண்டைக் கேட்போமே என்று தோன்றியது. நிவேதாவின் பெயரைத் தட்டினேன்.

குக்கர் விசில் கேட்டது. கீழே காய்கறி வண்டிக்காரர் கூவுவதும் கேட்டது. அப்புறம் அவள் குரல். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அம்மா சின்ன வெங்காயத்துக்கு ஹிந்தியில் பேரம் பேசுவதையும், கோபம் ஏறியதும் தன்னை அறியாமல் திருநெல்வேலிக்குத் தாவிவிடுவதையும், அது புரியாமலே கடைக்காரர் விலையைக் குறைத்துவிடுவதையும் அப்படியே நடித்துக் காட்டினாள். நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். இருபத்தைந்து வருடத்தில் எந்தப் பிள்ளையும் எனக்கு அப்படியொரு கதை சொன்னதில்லை. கதை முடிந்தது. நிறுத்தப் போனேன். இன்னும் அரை நிமிடம் பாக்கி இருந்தது. குரல் தணிந்து, போனுக்கு மிகப் பக்கத்தில் வந்து பேசினாள்.

"மேம், எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருது. குவிஸ்ல எனக்கு மட்டும் டைம் கொஞ்சம் கூட்டித் தருவீங்களா? எல்லார் முன்னாடியும் கேக்க வெக்கமா இருக்கு, அதான் இதுல சொல்லுதேன்."

ஐ.என்.ஏ. மார்க்கெட்

வினாடி வினாத் தளத்தைத் திறந்து பார்த்தேன். விநாடியைக் கூட்டுவதற்கு வலது மூலையில் ஒரு பொத்தான் இருக்கிறது. கடிகாரத்தையே எடுத்துவிடுவதற்கும் அதற்குக் கீழே இன்னொன்று. பயிற்சியில் அந்தப் பெண் அதையும் காட்டியிருப்பாள், நான் லிங்கை நகலெடுத்துக்கொண்டிருந்திருப்பேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போய் நிவேதாவைப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஒரு வாரம் அந்த வராந்தாவை ஒதுக்கி, நூலகத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். ஒரு குழந்தையின் முகத்தைப் பார்க்கப் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளமும் முருங்கைக்காயும் வாங்கப் போனால், அதே கடையில் அம்மாவோடு அவள். அம்மா வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், அந்த ஒலிப்பதிவை அன்று நான் கேட்கவே இல்லை, போன வாரம்தான் கேட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். ஒன்பதாம் வகுப்புப் பதிவெல்லாம் முடிந்துவிட்டது, இனி மொழியை மாற்ற முடியாது என்பது இருவருக்கும் தெரியும். மதிய இடைவேளையில் வா, கடிகாரம் இல்லாமல் படிக்கலாம் என்றேன். "பாக்கலாம் மேம்" என்று மரியாதையாகச் சிரித்தாள். வரமாட்டாள் என்று புரிந்தது. அம்மா கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டவள், இரண்டடி போய்த் திரும்பினாள்.

"நீங்க கேட்டுட்டுத்தான் இன்னும் வேகம் வேணும்னு எழுதினீங்கன்னு நெனச்சேன் மேம்."

நாற்பத்தொரு கருவிக்கு ஊர் முழுக்க லிங்க் அனுப்பிய எனக்கு, இலவசமாக என் தலையின் இரண்டு பக்கத்திலும் ஒட்டியிருந்த கருவியைத் திறக்க மட்டும் எட்டு மாதம் ஆனது.