கிரகணத்தின் மேல் போட்ட பழி

1974 ஜூன் 12, புதன்கிழமை. எழுந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். கணவர் தறியில் உட்கார்ந்ததும் எட்டு வயது மகளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். தறிச் சத்தம் கேட்டால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள். பாயில் உட்காரவைத்து இட்லி ஊட்டினேன். "இன்னும் வேணுமா?" என்று கேட்டேன். பதில் வராது என்று தெரிந்தாலும் தினமும் கேட்பேன், கொஞ்ச நேரம் காத்திருப்பேன். அவளிடம் நான்கைந்து சொற்கள்தான் இருந்தன. "அம்மா" அவற்றில் இல்லை.

வெயில் ஏறியபின் நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை, செவிலிமேட்டில் வாழ்க்கைப்பட்டவள், ஐந்து மாதக் கர்ப்பம். டவுன் பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். தலையில் எண்ணெய் வைத்துப் பல நாள் ஆகியிருக்கும். செருப்பைக் கழற்ற மறந்து கூடத்தில் நின்றாள்.

எதிர்வீட்டு அம்மாள் அவளைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"இன்னாமா, புள்ளத்தாச்சி இப்படி வாடிப்போய் வந்துக்கினு இருக்கே? மாமியார் சோறு போடறதில்லையா?" என்று சிரித்தாள். பிறகு என் மகளைக் காட்டி, "கிரகணம் வந்தா மூலையில படுத்துக்கோ. உங்க அண்ணி மாதிரி கத்தியத் தூக்கினு போய்ப் புடவை அறுக்காதே. அதான் பாப்பா வாய் தொறக்க மாட்டேங்குது" என்றாள்.

புடவை அறுத்தது உண்மை. மகள் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணத்தன்று, கடைக்காரர் அவசரப்படுத்தியதால், நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தேன். தெருவுக்கு அந்தக் காரணம் போதும். யாரும் திட்டவில்லை, பரிதாபப்பட்டார்கள். நானும் தலையாட்டி வந்தேன். அந்த மாதங்களில் நான் மாத்திரை சாப்பிட்டது கணவருக்கும் மெட்ராஸ் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். முதல் குழந்தை இறந்தபின் எனக்குத் தூக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. கிணற்றடிக்குப் போனால் கணவர் பின்னாலேயே வருவார். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் சோற்றின் ருசி திரும்பியது. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே இவள் உண்டானாள்.

எதிர்வீட்டு அம்மாள் போனதும் நாத்தனார் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மாத்திரைப் பொட்டலம், பிரிக்காதது.

"மனசு சரியில்லன்னு சொன்னேன், டாக்டர் கொடுத்தாரு. நீங்களும் இது மாதிரி சாப்பிட்டீங்களாமே அண்ணி? அண்ணன் சொல்லிச்சு."

என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், தங்கையிடம் பேசியிருக்கிறார்.

"சாப்பிட்டேன்."

"அதாலதான் பாப்பா இப்படி இருக்குதா?"

இத்தனை வருடங்களில் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவள் அவள் ஒருத்திதான். கிரகணத்தைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"தெரியலமா. மெட்ராஸ் டாக்டரையே போய்க் கேட்டேன். இந்த மாத்திரை வந்தே ரொம்ப நாள் ஆகலையாம். அம்மா இதைச் சாப்பிட்டுப் பொறந்த புள்ளைங்க வளர்ந்தப்புறம் எப்படி இருக்குதுன்னு யாரும் தேடிப்போய்ப் பார்த்த மாதிரி தெரியலன்னாரு. அதால இருக்கலாமாம், இல்லாமலும் இருக்கலாமாம்."

"ஒண்ணு ஆமான்னு சொல்லுங்க, இல்லாட்டி இல்லன்னு சொல்லுங்க. இப்படிச் சொன்னா நான் எதைப் புடிச்சிக்கறது?"

"அன்னிக்குச் சாப்பிடலன்னா நான் இருந்திருக்க மாட்டேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவள் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பாயின் கோரையை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் கிணத்துப் பக்கம் போக பயமா இருக்குது அண்ணி" என்றாள்.

அதன்பின் அவளை ஊருக்கு அனுப்ப மனம் வரவில்லை. சாப்பாட்டுக்கு எழுந்த கணவர் எங்கள் இருவரையும் பார்த்தார், பொட்டலத்தையும் பார்த்தார். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தறிக்குத் திரும்பினார். சாப்பிடு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அந்தப் பிள்ளை பிறந்து வளரும் வரை அதைச் சொன்னவள் நானாக இருப்பேன். அவளைத் தனியாக முடிவெடுக்க விடவும் முடியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அவளுடைய டாக்டர் வீட்டுக்குப் போனோம். கதவு இன்னும் திறக்கவில்லை. மகளையும் கூட்டிப் போயிருந்தேன். மாத்திரை எழுதிக் கொடுப்பவர் என் மகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொல்லட்டும் என்று நினைத்தேன்.