இந்தியா நேரம்

என் பழைய மடிக்கணினி திறப்பதற்குள் ஒரு கோப்பி குடித்து முடித்துவிடலாம். பொறுக்க முடியாமல், பாரமில்லாத லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நானே ஏற்றினேன். எந்த மொழி என்று கேட்டது. தமிழ் என்றேன். உடனே 'தமிழ் (இந்தியா)' என்று போட்டுக்கொண்டது. மலேசியாவுக்கென்று தனியாக ஒரு தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்து வந்ததையெல்லாம் படிக்காமலே சரி சரி என்று தட்டிவிட்டேன்.

பிறகு திரையின் மேலே இருக்கும் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். வானிலை, ஒலி எல்லாவற்றையும் தூக்கினேன். கடிகாரத்தையும் விடவில்லை, அதுதான் என் கணவரின் அறைச் சுவரில் இருக்கிறதே. மிச்சம் வைத்தது ஒரே ஒரு சொல்: மருந்து.

அவருக்குப் பார்க்கின்சன் நோய். ஏழு, பதினொன்று, மூன்று மணிக்கு மாத்திரை. தவறினால் கைகால் இறுகிவிடும், குரலும் எழும்பாது. வேலையில் உட்கார்ந்தால் எனக்கு உலகம் மறந்துவிடும். அதனால், காலைக் கோப்பியோடு போய்விடும் ஏழு மணி மாத்திரையை விட்டு, மற்ற இரண்டுக்கும் நேரம் வந்ததும் அந்தச் சொல் சிவக்க வேண்டும். அதற்கான நாலு வரியை எழுத இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள், ஏழு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்தேன். சொல் வெள்ளையாகவே இருந்தது. பதினொன்று ஆகவில்லை என்று நம்பி எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு வைக்க எழுந்தபோதுதான் அவர் அறையை எட்டிப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில், ஒரு காலில் மட்டும் செருப்போடு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுவரில் மணி பன்னிரண்டே கால்.

மாத்திரையைக் கொடுத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டே என்னை நானே ஏசிக்கொண்டேன். அரை மணிக்குப் பிறகு அவர் விரல் அசைந்தது.

"மன்னிச்சிருங்க. கம்ப்யூட்டரு இந்தியா நேரத்துல ஓடியிருக்கு. ரெண்டரை மணி நேரம் பின்னால."

மெல்லக் குரல் வந்தது. "இந்தியா போய்ட்டு வந்திருக்க. எனக்குக்கூட சொல்லல. சேல எங்க?"

மலேசியாவுக்குச் சுதந்திரம் வந்த காலத்தில் இங்கே, இந்தக் காஜா பெராங் வட்டாரத்தில் பிறந்தவர்கள் நாங்கள். இருவருமே இந்தியாவைப் பார்த்ததில்லை. எனக்குச் சேலை எல்லாம் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில்தான். நான் அழுதேன், சிரித்தேன். கோபப்படாத மனிதரைக் கொடுத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அன்றே நேரத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றினேன். 'மருந்து' என்பதையும் அழித்துவிட்டேன். இப்போதெல்லாம் பதினொரு மணிக்கு என் திரையில் சிவப்பது 'சேலை'.